இடது பொத்தானுக்கு ஒரு வார்

துரைசாமி தன் மகளோடு பேசி ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகியிருந்தன. ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே டிவி. "அவள சாப்புடச் சொல்லு" என்று மனைவி தேவகியிடம் சொல்வார். சாப்பிட வேண்டியவள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். தேவகியும் ஏதோ புதுச் செய்தி கொண்டு வந்தவள் மாதிரி "சாப்புடுடி" என்று இன்னொரு தடவை சொல்லுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரில் தேதி பார்ப்பார்கள்.

காரணம் ராணிப்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். மகள் சௌந்தர்யா ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள். விமானம் ஏறிய அன்றைக்கே துரைசாமி தன் போனில் அவள் பெயரை 'டாக்டர் சௌந்தர்யா' என்று மாற்றிக்கொண்டார். மூன்றாம் வருஷம் அவள் இரண்டு பாடத்தில் விழுந்தாள். மறுபடி எழுதி மறுபடியும் விழுந்தாள். கல்லூரியிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். அதோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் அழுது தீர்த்து ஒரு மாதத்தில் சரியாகியிருக்கும். அவள் வரவில்லை. எட்டு மாதம் அங்கேயே ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வீடியோவில் அப்பாவிடம் வார்டு கதை சொன்னாள். அவரும் கம்பெனியில் எவனுக்கு முட்டி வலி, எவனுக்கு சர்க்கரை என்று கேட்டு வைத்துக்கொண்டு அவளிடம் யோசனை கேட்டார். அவளும் சொன்னாள்.

ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தபோது, துரைசாமி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கோட்டு யாருது?"

"என்னுதுதான்பா."

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். அன்றைக்கு நின்ற பேச்சு. பாடத்தில் விழுந்ததை அவர் மன்னித்திருப்பார், அவரே எட்டாவதைத் தாண்டாதவர்தான். அந்தக் கோட்டைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

துரைசாமி சிப்காட்டில் அப்துல் வஹாப் பாயின் கம்பெனியில் ஃபிட்டர். அங்கே பிளேட்டிங் மெஷின் செய்கிறார்கள். பதப்படுத்திய தோலை மேடையில் விரித்தால், கீழிருந்து மேடை ஏறிப் போய், மேலே இருக்கிற சூடான இரும்புத் தகட்டோடு அறுநூறு டன்னில் அழுத்தும். சொரசொரப்பாக உள்ளே போன தோல் பளபளவென்று வெளியே வரும். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ஓடுகிற மெஷின்கள் பல துரைசாமியின் கையால் மாட்டியவை. அதற்கு முன்னால் ஆம்பூரில் பன்னிரண்டு வருஷம் அதே மாதிரி மெஷினை ஓட்டியும் இருக்கிறார்.

ரஷ்யாவிலிருந்து ஒரு மெஷினுக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் ஊரில் ஓடிய இத்தாலி மெஷின்களுக்கு ஸ்பேர் கிடைக்காமல் போய், எங்கெங்கோ தேடி இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, கையேடு ரஷ்ய மொழியில் வேண்டும். வஹாப் பாய் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு அறுபத்திநாலு பக்கத்தையும் ஒரே மத்தியானத்தில் ரஷ்யமாக்கி அனுப்பினார். இரண்டே நாளில் மிகவும் மரியாதையான ஒரு பதில் வந்தது. அனுப்பியது எந்த மொழி என்று கேட்டிருந்தார்கள்.

"துரை, உம் பொண்ணு ரஷ்யாவுலதானே இருந்துச்சு?" என்றார் பாய்.

"இருந்தா" என்றார் துரைசாமி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவியைப் பார்த்தபடியே தேவகியிடம் சொன்னார். "பாய் அவள நாளிக்கு வரச் சொன்னாரு. வருவாளான்னு கேளு."

"வரேன்னு சொல்லும்மா" என்றாள் சௌந்தர்யா. அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்யப் போகிறாள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவர் தவறியாவது ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்றுதான் அவள் போனாள். கையேடும் ரஷ்யாவும் அவளுக்கு இரண்டாம்பட்சம்.

கையேட்டைப் பிரித்தவுடனே தலை சுற்றியது. பாயின் மச்சான் நாலைந்து கம்பெனிக் கையேடுகளை வெட்டி ஒட்டி இங்கிலீஷில் தயாரித்தது அது. மூன்று வரிக்கு ஒரு தடவை 'ஃபோர்ஸ்' என்று வந்தது. இங்கிலீஷ்காரன் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவான், ரஷ்யக்காரனிடம் அது செல்லாது. மெஷின் போடுகிற விசைக்கு ஒரு சொல், மெஷின் மேல் வந்து விழுகிற பளுவுக்கு வேறு சொல், இழுப்புக்கு ஒன்று, முறுக்குக்கு ஒன்று. அவளுக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்களெல்லாம் உடம்பிலிருந்து கற்றவை. 'தவ்லேனியே' என்றால் அவளுக்கு ரத்த அழுத்தம். 'நக்ரூஸ்கா' என்றால் பலவீனமான இதயத்தின் மேல் ஏறுகிற பாரம். இரும்பில் அது எங்கே இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சொல் என்று சொல்ல முடியும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பத்தடி தூரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

"துரை, பொண்ணுக்கு காமிப்பா" என்று பாய் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

முதல் நாள் துரைசாமி மெஷினிடம்தான் பேசினார். "இது ராம், மேடயத் தூக்கற தண்டு. இது கீழேந்து வரும். இங்க ஆயில் பிரஷர் ஜாஸ்தியானா இந்த வால்வு தொறந்துக்கும்." மெஷின் கேட்டுக்கொண்டது. பக்கத்தில் நின்று அவளும் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவள் துணிந்து கேட்டாள். "இங்க ஃபோர்ஸ்னு போட்டிருக்கு. இது மெஷின் போடறதா, மெஷின் வாங்கறதா?"

துரைசாமியின் கை நின்றது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கழிவுக் குவியலில் ஒரு தோல் துண்டைப் பொறுக்கி, மேடையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி எடுத்தார். அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. "இது போடறது" என்றார். இன்னொரு துண்டை மேல் தகட்டின் சட்டத்துக்கும் அதைத் தூணோடு பிடித்திருக்கும் நட்டுக்கும் நடுவே கொடுத்து மெஷினை ஓட்டினார். துண்டில் நட்டின் தடம் பள்ளமாக விழுந்திருந்தது. "இது வாங்கறது. எவ்ளோ போடுதோ அவ்ளோத்தயும் தூணு வாங்கிக்கும்." அவள் முதல் துண்டில் பால்பாயின்ட் பேனாவால் 'உசீலியே' என்று எழுதினாள். இரண்டாவதில் 'நக்ரூஸ்கா'.

அதிலிருந்து அதுவே வேலை முறையாகிவிட்டது. அவள் ஒரு சொல்லைக் கேட்பாள். அவர் ஒரு துண்டை இழுத்தோ, கிழித்தோ, முறுக்கியோ, வெட்டியோ கொடுப்பார். அவள் எழுதுவாள். மூன்று வாரத்தில் பத்தொன்பது துண்டு சேர்ந்து, ஒரு கம்பி வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டாள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஓர் அகராதி கிடையாது என்று பாய் வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார்.

"அந்தப் பன்னெண்டாவதுக்கு இன்னா பேரு?" என்று துரைசாமி கேட்பார்.

"நத்யஷேனியே. இழுத்துப் புடிக்கறது."

"நத்தி... போவட்டும், அவங்களுக்குப் புரிஞ்சா சரி."

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் அவள் முத்துக்கடை பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்தபோது, துரைசாமி கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தபடி நின்றுகொண்டிருந்தார். ஏறு என்று சொல்லவில்லை. கிளம்பவும் இல்லை. அவள் போய் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் "அவளுக்கு டீ போடு" என்று தேவகியிடம்தான் சொன்னார். கம்பெனியில் மெஷினைப் பற்றிப் பேசுவார். வீட்டுக்குள் அவள் இன்னும் 'அவள்'தான்.

பதினாலாம் பக்கம் மறுநாள் வந்தது. மெஷினை ஓட்டும் முறை. இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மேடை ஏறாது என்று இங்கிலீஷில் இருந்தது. எதிரே துரைசாமி சோதனை ஓட்டம் விட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கப் பொத்தான் அமுங்கியபடியே இருந்தது. அதன் மேல் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு தோல் வார், பித்தளை பக்கிள் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் வலது கையால் மட்டும் பொத்தானைத் தட்டினார். இடது கை கடைசி நொடி வரைக்கும் தோலின் சுருக்கத்தை நீவிவிட்டு, மேடை ஏறும்போது சடக்கென்று வெளியே வந்தது.

"இங்க ரெண்டு கைன்னு போட்டிருக்கேபா" என்றாள் சௌந்தர்யா.

துரைசாமி சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "யாரு பாப்பா ரெண்டு கையில அமுத்துவான்? தோல யாரு புடிப்பா, பாய் வந்து புடிப்பாரா? ஒரு சுருக்கம் வுழுந்தா தோலு போச்சு. இந்தப் பக்கம் எந்த டேனரியிலயும் ஒருத்தனும் ரெண்டு கையில அமுத்தனது கெடையாது. வெளிநாட்டுக்காரன் கேக்கறான்னு பாய் ரெண்டு பட்டன் வெச்சாரு, அவ்ளோதான்."

பாப்பா என்று சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரிந்ததா இல்லையா என்று சௌந்தர்யாவுக்குத் தெரியவில்லை.

அவர் டூல் பெட்டியைத் திறந்து புது வார் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மெஷினோடும் ஒன்று போகும். ஆம்பூரில் தெரிந்த இடத்தில் நல்ல எருமைத் தோலாகப் பார்த்து வாங்கி வந்து, மெழுகு நூலில் அவரே தைப்பார். அவர் மெஷின் போன இடத்திலெல்லாம் ஆப்பரேட்டர்கள் முதலில் பெட்டியைத் திறந்து அந்த வாரைத்தான் தேடுவார்களாம். ரஷ்யாவுக்குப் போகிற மெஷினுக்கென்று பக்கிளை ஸ்பெஷலாக பாலீஷ் போட்டு வைத்திருந்தார்.

"எழுது. பெரிய தோலு வந்தா எடது பட்டன வார்ல கட்டிக்கலாம். அந்தக் கையால சுருக்கத்த எடுத்து வுடணும். அவங்களுக்கு யாரு சொல்லித் தருவா?"

அவள் கையில் இங்கிலீஷ் பக்கம் இருந்தது. 'இரண்டு கையாலும்' என்ற சொற்களுக்கு அடியில் யாரோ கோடு கூடப் போட்டிருந்தார்கள். இது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் உடம்பைப் படித்தவளுக்கு அறுநூறு டன் ஒரு கையை என்ன செய்யும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஒரு வருஷம் ஏழு மாதம் கழித்து வந்த சிரிப்பு. அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அழகாகவே எழுதினாள். டூல் பட்டியலின் கடைசியில் 'தோல் வார், ஒன்று' என்றும் சேர்த்தாள்.

மெஷின் போய்ச் சேர்ந்து, ஓட ஆரம்பித்து, பாராட்டுக் கடிதமும் வந்தது. மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதிய கையேடு என்று படிக்கும்போதே தெரிகிறது, இப்படி ஒன்றை நாங்கள் படித்ததே இல்லை என்று எழுதியிருந்தார்கள். சௌந்தர்யா அதைத் தமிழில் உரக்கப் படித்தாள். துரைசாமி வேஸ்ட் காட்டனில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு வெல்டரிடம் அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. "டாக்டரா ஆவாட்டி இன்னா. புத்தி எங்க போயிடும்?" அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் நாலு மாதம் சந்தோஷமாக இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் கம்பெனிக்கு வந்து கடிதங்களைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வஹாப் பாய் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "ரஷ்யாலேந்து மெயில் வந்துருக்கும்மா. ஆயில் சீல் போயிடுச்சா பாரு."

அவள் நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

யெலேனா என்று ஒரு பெண். முப்பத்தொரு வயது. தோலின் சுருக்கத்தை எடுக்கும்போது இடது கை மேடைக்கும் தகட்டுக்கும் நடுவே போய்விட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். எழுதிய விசாரணை அதிகாரி கோபமாக எதுவும் எழுதவில்லை. விசாரணைக்காக இரண்டு விவரம் கேட்டிருந்தார். மேடை எவ்வளவு விசையில் மூடுகிறது? பதினாலாம் பக்கம் மூன்றாம் பத்தியில் இருப்பதும், பெட்டியில் வந்த வாரும், உங்கள் மூலக் கையேட்டில் உள்ளவைதானா? பதில் வேண்டும். கூடவே இரண்டு படங்கள். ஒன்றில் பென்சில் கோடு போட்ட அவளுடைய பத்தி. இன்னொன்றில் அந்த வார். மெழுகு நூல் தையல் ஒன்றுகூட விலகாமல் இருந்தது. பக்கிள் பளபளத்தது.

அந்த நிமிஷம் சிப்காட்டில் அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். 'ஆயில் சீல்தான் பாய்' என்று அவள் சொல்லியிருந்தால் பாய் ஆயில் சீல் அனுப்பியிருப்பார். யாருக்கும் தெரியாது. பொய்யை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று எட்டு மாதம் பழகியவள் அவள். அது அவ்வளவு சுலபமாக நாக்கு நுனிக்கு வந்து நின்றதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. உள்ளதைச் சொன்னாள்.

"யா அல்லா" என்றார் பாய். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். ஆனால் கம்பெனிக்காரர். மெதுவாகச் சொன்னார். "இங்கிலீஷ்ல ரெண்டு கைன்னுதான இருக்கு? அப்ப நம்ம ஒரிஜினல் கரெக்டு. டிரான்ஸ்லேஷன்ல தப்பாயிடுச்சுன்னு எழுதிடு. உம் பேரு வேணாம். வாரு எப்புடி வந்துச்சுன்னு தெரியாதுன்னு போடு."

சௌந்தர்யா ஒத்துக்கொண்டாள். தப்பு அவளுடையதுதான், அவள் தலையிலேயே விழட்டும். அதைவிட, அப்பாவுக்கு இது தெரியவே வேண்டாம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க பாய்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஏதோ பேரிங் அளவு கேட்க துரைசாமி உள்ளே வந்துவிட்டார். கம்ப்யூட்டரில் படம் பெரிதாகத் திறந்திருந்தது.

"அட, நம்ம வாரு!" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்லாருக்குன்னு எழுதிருக்கானா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷமாக நிற்கிற அந்த முகத்தைப் பார்த்துத்தான் சௌந்தர்யா சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு பொம்பளைக்கு கை போயிடுச்சுபா."

"எதுல?"

"நம்ம மெஷின்ல. எடது பட்டன கட்டிட்டு ஓட்டியிருக்காங்க."

துரைசாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கை?" என்றார், கேட்க வேண்டியதே இல்லை என்றாலும்.

"எடது கை."

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"கொழந்த கிழந்த இருக்கா?"

"அது எழுதலபா."

அவர் வெளியே போனார். அவள் பின்னாலேயே போனாள். சோதனை மெஷினில் கட்டியிருந்த வாரை அவர் கழற்றப் பார்த்தார். ஆயிரம் தடவை கழற்றிய பக்கிள் இன்றைக்கு அவர் விரலுக்கு மசியவில்லை. விட்டுவிட்டு டூல் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"எழுது" என்றார். "நான் சொல்றத அப்பிடியே எழுது. அன்னிக்கு எழுதன மாதிரி."

அவள் நோட்டை எடுத்தாள்.

"எம் பேரு துரைசாமி. ஃபிட்டர். முப்பத்திரண்டு வருஷமா இந்த மெஷின்ல இருக்கேன். வாரு நான் தச்சது. பட்டன கட்டச் சொன்னது நானு. எம் பொண்ணு கேட்டா, ரெண்டு கைன்னு போட்டிருக்குதேன்னு. நான் சிரிச்சேன். அவ மேல தப்பு கெடையாது. எங்க ஊர்ல எல்லாம் இப்பிடித்தான் ஓட்டறோம், இதுவரிக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும்..."

நிறுத்தினார். கீழே கிடந்த தோல் தூளைக் காலால் தள்ளினார்.

"அது வேணாம், அடிச்சிடு. ஆயிருக்கு. ஆம்பூர்ல அதாவுல்லாவுக்கு மூணு விரலு. வாணியம்பாடில ஒருத்தனுக்கு பாதிக் கை. எனக்கே மூணு பேரத் தெரியும். தூங்கி வுழுந்துட்டான், பராக்குப் பாத்துட்டான்னு சொல்லிட்டு வாரு கட்டிட்டுப் போயிட்டோம். அதயும் எழுது."

பாய் வாசலில் வந்து நின்றிருந்தார். "துரை, இது போச்சுன்னா கம்பெனி போயிடும்பா."

"கை போயிடுச்சு பாய்" என்றார் துரைசாமி. குரல் உயரவில்லை. பாய் உள்ளே திரும்பிப் போனார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை.

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ரஷ்யத்தில் அடித்தாள். பேர், வேலை, வருஷம், வார், சிரிப்பு, அதாவுல்லாவின் விரல்கள் எல்லாம் அப்படியே போயின. மேடை மூடுகிற விசைக்கு, வளையத்தின் முதல் துண்டில் எழுதிய அதே சொல்லைப் போட்டாள். 'அவ மேல தப்பு கெடையாது' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. பதினாலாம் பக்கத்திலும் அப்பா சொன்னதை அப்படியே எழுதியவள்தானே அவள். இந்த வரியை அவளால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக எழுதினாள்: 'மொழிபெயர்த்த நான் மூலத்தைப் படித்திருந்தேன். இரண்டு கை என்று இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே மாற்றி எழுதினேன்.' ஏன் என்று எழுதவில்லை. என் அப்பா சிரித்தார், அது நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன் என்பதை எந்த விசாரணை அதிகாரிக்கு எழுதுவது? கை போனவளுக்குத்தான் அதை எழுத முடியுமா?

"படி" என்றார் துரைசாமி, பின்னால் நின்றுகொண்டு.

அவள் ரஷ்யத்தில் படித்தாள். ஒரு சொல்லும் புரியாமல் அவர் குனிந்த தலையோடு கேட்டார். தன் பேர் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்தார். உசீலியே என்று வந்ததும் "அது மொதத் துண்டு" என்றார்.

படித்து முடித்தாள்.

"அந்த வரி போட்டியா? உம் மேல தப்பில்லன்னு?"

"போட்டேன்பா."

மறுபடியும் அவரிடம் பொய் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை அதற்கு ஒரு வெள்ளைக் கோட்டுகூடத் தேவைப்படவில்லை. அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அவள் அனுப்பினாள்.

சாயங்காலம் வழக்கம்போல வண்டியில் வந்தார்கள். தேவகிக்கு ஒன்றும் தெரியாது. கொத்தவரங்காய் பொரியலும் ரசமும் வைத்திருந்தாள். கூடத்தில் கோரைப்பாயை விரித்துத் தட்டுகளை வைத்தாள். துரைசாமி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சௌந்தர்யா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா" என்றார் அவர். "வா, சாப்புடலாம்."

தேவகியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. மகளைப் பார்த்து போ போ என்று கண்ணாலேயே தள்ளினாள். சௌந்தர்யா போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேவகி இருவருக்கும் சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, அழுகையும் சிரிப்புமாக அடுப்படிக்கு ஓடினாள்.

துரைசாமி சோற்றைப் பிசைந்தார். வாயில் வைத்தார். சௌந்தர்யாவும் ஒரு கவளம் எடுத்தாள். அப்பாவின் இடது கை அவளுக்கும் அவருக்கும் நடுவே கோரைப்பாய் மேல் சும்மா கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் இருந்தன.